விரல் நுனியில் ஒரு பொய்

மைசூர் மாவட்டத்தின் தென்கிழக்கு ஓரத்தில் இருந்த ஊர் மார்டள்ளி. 1997-ல் மாவட்டம் பிரிந்தபோது சாமராஜநகரோடு போய்விட்டது. எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு, ஊருக்குள்ளும் தமிழ்தான். பெரிய வைத்தியம் என்றால் மட்டும் இன்னமும் மைசூர்தான். 2018 டிசம்பரில் பக்கத்துச் சுள்வாடி கோயில் பிரசாதத்தில் யாரோ பூச்சிமருந்தைக் கலந்துவிட, பாதிக்கப்பட்டவர்களை நூறு கிலோமீட்டருக்கு மேல் கொண்டு போக வேண்டியிருந்தது. 17 பேர் இறந்தார்கள்.

மூச்சு முட்டினால் இவ்வளவு தூரம் போக வேண்டிய ஊர்களில், எப்போது கிளம்புவது என்பதுதான் முக்கியமான கேள்வி. கொரோனா காலத்தில் அதற்குப் பதில் சொன்னது விரலில் மாட்டும் ஒரு சிறு கருவி. 'ஆக்ஸிமீட்டர்' என்ற சொல் படிக்காதவர்களுக்கும் பழகிப்போனது. எண் 94-க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனை. மேலே இருந்தால் வீட்டிலேயே இருக்கலாம் என்றார்கள். அந்த எண் எல்லாத் தோலிலும் ஒரே உண்மையைச் சொல்கிறதா என்று இங்கே அதிகம் பேர் கேட்கவில்லை. கேள்வி அமெரிக்காவில் எழுந்தது.

அங்கே இந்தியானா மாநிலத்தில் சூசன் மூர் என்ற கறுப்பினப் பெண் இருந்தார். 52 வயது, அவரே ஒரு டாக்டர். மகனையும், நினைவு மங்கிவரும் வயதான பெற்றோரையும் கவனித்து வந்தவர். 2020 நவம்பர் இறுதியில் கொரோனா தொற்றியது. டிசம்பர் 4-ம் தேதி, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயுடன் மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே பேசி ஒரு வீடியோ வெளியிட்டார். மூச்சு முட்டுகிறது என்று சொன்னால், உங்களுக்கு மூச்சு முட்டவே இல்லை என்று டாக்டர் பதில் சொன்னாராம். வலிக்கு மருந்து கேட்டபோது போதைக்கு அடிமையானவரைப் போல நடத்தினார்களாம். ஸ்கேனில் பாதிப்பு தெரிந்த பிறகே வலிக்கு மருந்து தரச் சம்மதித்தார்கள் என்றார். தான் வெள்ளையராக இருந்தால் இந்தப் பாடு இல்லை என்றும் சொன்னார். 7-ம் தேதி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வேறொரு மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று. 20-ம் தேதி இறந்தார்.

சிகிச்சை முறை அவர் சாவுக்குக் காரணமல்ல என்று பின்னர் விசாரித்த வெளிநிபுணர் குழு சொன்னது. ஆனால் அவரிடம் பரிவு காட்டப்படவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டது.

மூரின் புகார் மனிதர்களைப் பற்றியது. அவர் இறப்பதற்கு மூன்று நாள் முன்பு, டிசம்பர் 17-ல், ஒரு மருத்துவ இதழில் வந்த கடிதம் கருவியையே குற்றம் சாட்டியது. எழுதியவர்கள் அவர் படித்த மிச்சிகன் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் ரத்தத்தை எடுத்து நேரடியாகச் சோதித்ததில், உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பரில் 11.7 சதவீதம். ஏறத்தாழ மூன்று மடங்கு.

காரணம் எளிமையானது. கருவி விரலுக்குள் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் பாய்ச்சி, எவ்வளவு மிஞ்சி வருகிறது என்று பார்த்து ரத்தத்தின் ஆக்ஸிஜனைக் கணக்கிடுகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனினும் அந்த ஒளியை விழுங்கும். கருவிகளைச் சரிபார்க்கப் பெரும்பாலும் வெளிர்த் தோல்காரர்களையே பயன்படுத்தினார்கள். கறுத்த விரலில் கணக்கு தப்பியது. அதுவும் ஆபத்தான பக்கமாக: உள்ளதைவிட அதிகமாகக் காட்டியது. இந்தக் குறையைச் சுட்டிய ஆய்வு 1990-லேயே வந்துவிட்டது. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரிக்கை விட்டது 2021 பிப்ரவரியில்தான். 2022-ல் வந்த இன்னொரு ஆய்வு, ஆசிய வம்சாவளியினருக்கும் கருவி கூடுதலாகவே காட்டுகிறது என்றது.

இது மார்டள்ளிக்கும் பொருந்தும் செய்தி. வெயிலில் காடு கழனி பார்க்கிறவரின் விரல் வெளிர் நிறமல்ல. கருவி 95 காட்டுகிறது, அவரோ மூச்சு வாங்குகிறது என்கிறார். யாரை நம்புவது? கருவியை நம்பி ஒரு நாள் காத்திருந்தால், மைசூருக்கான தூரம் அந்த ஒரு நாளையும் சேர்த்தே வசூலிக்கும்.

சொன்னதை நம்பாததன் விலை அந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2021 மே 2-ம் தேதி இரவு சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையில் ஆக்ஸிஜன் தீர்ந்தது. சிலிண்டர்கள் மைசூரிலிருந்து வர வேண்டியவை. மறுநாளுக்குள் 24 பேர் இறந்தார்கள். ஆக்ஸிஜன் இல்லாமல் இறந்தது மூன்று பேர்தான் என்றது அரசு. குடும்பங்கள் மறுத்தன. உயர் நீதிமன்றம் அமைத்த குழு, பற்றாக்குறைதான் காரணம் என்றது.

கருவியைத் தூக்கி எறிய வேண்டாம். அது லட்சக்கணக்கானவர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரே ஒரு எண்ணை நம்பாமல், காலையும் மாலையும் பார்த்துக் குறித்து, இறங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். மருதாணி, நகப்பூச்சு, குளிர்ந்த விரல் எல்லாமே கணக்கைக் குழப்பும். பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு விட்டால், எண் எதுவானாலும் கிளம்பிவிட வேண்டும். மருத்துவமனையில் சந்தேகம் வந்தால் தமனி ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

வாங்குகிற அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. டெண்டரில் விலை கேட்கிறார்கள், உத்தரவாதம் கேட்கிறார்கள். கறுத்த தோலில் சோதித்தீர்களா என்றும் ஒரு வரி சேர்த்துக் கேட்டால் செலவு ஒன்றும் கூடிவிடாது.