சம்பளத்தை மறைக்காதீர்கள்

சிறிய தொண்டு நிறுவனங்களின் திட்ட முன்மொழிவுகள் பெரும்பாலும் கல்வியின் பெருமையில்தான் தொடங்குகின்றன. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், அவர்களுக்கு என்ன குறை என்பதெல்லாம் இரண்டு பக்கம் தாண்டித்தான் வரும். நிதி தருகிறவருக்குத் தெரியாதது அந்த ஊர்தான்.

ஊரைக் காட்ட எளிய வழி உண்டு. கல்விக்காக இயங்கும் பிரதம் அமைப்பு 2005இல் தொடங்கிய ‘ஏசர்’ கணக்கெடுப்பில் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளிடம் ஒரு தாளை நீட்டுகிறார்கள். எழுத்து, சொல், சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு கதை, அவ்வளவுதான். 2022இல் நாட்டின் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 42.8 சதவீதத்தினர்தான் அந்தக் கதையை வாசித்தார்கள். இந்தப் புள்ளிவிவரத்தை எடுத்து ஒட்டிவிட்டால் முன்மொழிவு கனமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. அது நாடு முழுவதற்குமான கணக்கு. தாங்கள் வேலை செய்யும் கிராமங்களில் இதேபோல் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்த்தால் கிடைப்பதே அந்தத் திட்டத்துக்கான கணக்கு. ஆண்டு முடிவில் அதே தாளை மறுபடி நீட்டி, எத்தனை பேர் கதைவரை வந்தார்கள் என்று சொல்லலாம். ‘விழிப்புணர்வு ஏற்படுத்தப்படும்’ என்று எழுதினால் எதை அளப்பது?

அடுத்தது பட்ஜெட். நல்ல நிறுவனங்களும் தடுமாறும் இடம் இதுதான். மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியையின் சம்பளம், கள ஊழியரின் பஸ் செலவு, ஆடிட்டர் கட்டணம் எல்லாவற்றையும் பாதியாக்கி எழுதுகிறார்கள். நிர்வாகச் செலவு கூடுதலாகத் தெரிந்தால் கோப்பு நகராது என்ற பயம். பயத்துக்குக் காரணமும் இருக்கிறது: வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்தில் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. ஆனால் அதே சட்டத்தின் விதிகள், பள்ளி ஆசிரியர், மருத்துவமனை டாக்டர் போன்று நேரடியாகச் சேவை செய்கிறவர்களின் சம்பளத்தை நிர்வாகச் செலவில் சேர்ப்பதில்லை. ஆகவே ஆசிரியையின் சம்பளத்தைத் திட்டச் செலவாகவே, முழுத் தொகையாகவே எழுதலாம். பாதிச் சம்பளத்தை நம்பித் தொடங்கும் வகுப்பு நடுவில் நின்றுபோனால் நஷ்டம் பிள்ளைகளுக்குத்தான்.

பட்ஜெட்டோடு பதிவுகளும் சரியாக இருக்க வேண்டும். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதி கேட்பவர்கள் வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகளோடு சிஎஸ்ஆர்-1 பதிவெண்ணையும் கையில் வைத்திருக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் இந்தப் பதிவெண் கட்டாயம்.

நிதி தருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தடுமாறும் பிள்ளையைக் கதைவரை கொண்டுவந்து, அங்கேயே நிலைநிறுத்த ஓராண்டு பெரும்பாலும் போதாது. தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் வரை ஒரு திட்டத்தைத் தொடர சிஎஸ்ஆர் விதிகளே இடம் தருகின்றன. அந்த இடத்தைப் பயன்படுத்துங்கள். பட்ஜெட்டைக் குறைக்கச் சொல்லும்போது ஆசிரியையின் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.