கரியும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம்

சென்ற மாதம் ஒருநாள் மாலை என் நண்பரின் மகன் வீட்டுக்கு வந்தான். கல்லூரியில் படிக்கிறவன், அநியாயத்தைக் கண்டால் முகம் சிவக்கிற நல்ல பிள்ளை. வந்ததும் வராததுமாகக் கைபேசியை என் முன்னால் நீட்டி, "மாமா, இதைப் பாருங்க" என்றான்.

விக்கிப்பீடியாவில் ஓர் அரசியல்வாதியின் வாழ்க்கைக் குறிப்பு. அந்த மனிதரை எனக்கும் பிடிக்காது. பையனுக்கோ அவர் பெயரைக் கேட்டாலே ஆகாது. அவருடைய பள்ளிப் படிப்பைப் பற்றி அதில் ஒரு கேவலமான வரி இருந்தது.

"நிஜந்தானா?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும் மாமா? நான்தான் எழுதினேன். காலையிலேருந்து ஒருத்தரும் எடுக்கலே!" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "முதலில் அதை அழி, அப்புறம் காப்பி சாப்பிடலாம்" என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த ஆள் செய்கிற அக்கிரமத்துக்கு இந்த ஒரு பொய் ஜாஸ்தியா? நீங்களும் அவர் பக்கமா?" என்று கேட்டுவிட்டு, காப்பியைத் தொடாமலே போய்விட்டான்.

அந்தக் கேள்விக்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன். அவனைப் போல எண்ணுகிறவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள், பெரியவர்களிலும் இருக்கிறார்கள்.

திண்ணையில் பேசினது காற்றோடு போகும். மேடையில் திட்டினால், திட்டுகிறவர் எந்தக் கட்சி என்று கேட்கிறவனுக்குத் தெரியும். அதற்கேற்றபடி பாதியைத் தள்ளிவிடுவான். கலைக்களஞ்சியத்தில் எழுதினது அப்படியல்ல. அது கையெழுத்தில்லாத தீர்ப்பு. எழுதினவன் யாரென்று தெரியாததாலேயே வாசகன் அதை நடுநிலையானது என்று நம்பிவிடுகிறான். அந்த நம்பிக்கையில் கை வைப்பது, பொதுக் கிணற்றில் கை வைப்பது போல.

ஜெர்மனியில் நடந்ததைக் கேளுங்கள். 2009 பிப்ரவரியில் கார்ல் தியோடர் ட்ஸு குட்டன்பெர்க் என்பவர் பொருளாதார அமைச்சரானார். பிரபு வம்சம், அவர் பெயரே பெயர்களின் ஊர்வலம். அந்த ஊர்வலத்தின் நடுவே 'வில்ஹெல்ம்' என்று ஒரு பொய்ப் பெயரை யாரோ ஓர் அநாமதேயர் விக்கிப்பீடியாவில் செருகிவிட்டார். பெரிய பத்திரிகைகளே அந்தப் பெயரையும் சேர்த்து அச்சிட்டன. அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. சந்தேகப்பட்ட விக்கிப்பீடியாக்காரர்கள், "ஆதாரம் எங்கே?" என்று கேட்டபோது, அந்தப் பத்திரிகைச் செய்தியே ஆதாரமாகக் காட்டப்பட்டது! பொய் பெற்ற பிள்ளை, பொய்க்கே சாட்சி சொன்னது.

ஒரு பெயர்தானே என்பீர்கள். பெயர் நுழைந்த சந்தில் நாளைக்கு ஒரு லஞ்சக் கதையும் நுழையும்.

இரண்டு வருஷம் கழித்து, அதே மனிதர் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, அவருடைய டாக்டர் பட்ட ஆய்வுரை பிறர் எழுத்தைத் திருடியது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. முன்பின் அறியாத பலர் இணையத்தில் கூடினார்கள். ஆய்வுரையையும் மூல நூல்களையும் அருகருகே வைத்து, எந்தப் பக்கத்தில் எந்த வரி யாருடையது என்று காட்டினார்கள். பேய்ராய்ட் பல்கலைக்கழகம் பட்டத்தைப் பறித்தது. 2011 மார்ச்சில் அமைச்சர் பதவி விலகினார்.

இரண்டையும் சீர்தூக்கிப் பாருங்கள். 2009-ன் பொய்யால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அசடு வழிந்தது பத்திரிகைகளின் முகத்தில். அவரை வீட்டுக்கு அனுப்பியது, பக்க எண்ணோடு வந்த உண்மை.

ஆகவே தம்பி, நீ உன் எதிரிக்குத் தீங்கு செய்யவில்லை, உபகாரம் செய்திருக்கிறாய். அவருடைய பத்து அக்கிரமங்களை யாரோ பாடுபட்டு ஆதாரத்தோடு எழுதி வைத்திருந்தால், பதினோராவதாக உன் பொய் போய் உட்காருகிறது. நாளைக்கு அவர் மேடையேறி, அந்தப் பதினோராவதை மட்டும் தூக்கிக் காட்டி, "எல்லாமே இப்படித்தான்" என்பார். கைதட்டல் விழும். பத்து உண்மைகளையும் கொன்றவன் நீ.

கரி பூசுகிறவன் இப்படியென்றால், சுண்ணாம்பு அடிக்கிறவன் அவனுக்கு அண்ணன். அமெரிக்காவில் மார்ட்டி மீஹன் என்றொரு பிரதிநிதிகள் சபை உறுப்பினர். 1992-ல் முதல் தடவை தேர்தலில் ஜெயித்தவர்; நான்கு தவணைக்கு மேல் இருக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர். கொடுத்த வாக்கை மீறி மறுபடியும் நின்றார். அந்தச் செய்தி விக்கிப்பீடியாவில் இருந்தது. 2005-ல் அவருடைய அலுவலகச் சிப்பந்திகள் அந்தக் குறிப்பை எடுத்துவிட்டு, தாங்களே தயாரித்த வாழ்க்கை வரலாற்றை வைத்தார்கள். 2006-ல் விஷயம் வெளியாயிற்று. துருவிப் பார்த்தால், அந்தச் சபையின் கணினிகளிலிருந்தே இப்படிப் பல திருத்தங்கள்! விக்கிப்பீடியாவில் அழித்தது அநேகமாக அழிவதில்லை; ஒவ்வொரு திருத்தமும் தேதியோடும் நேரத்தோடும் பழைய பக்கங்களில் நிற்கிறது. அதனால்தான் பிடிபட்டார்கள். ஆனால் பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறவர் நம்மில் எத்தனை பேர்?

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். 'சொன்னார்' என்பதற்கும் 'மழுப்பினார்' என்பதற்கும் 'ஒப்புக்கொண்டார்' என்பதற்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். ஒரே சொல்லில் ஒருவனை வில்லனாக்குவது என் தொழில். ஆனால் அவன் என் கற்பனையில் பிறந்தவன். உயிருள்ள மனிதனிடம் அந்த வித்தையைக் காட்ட எனக்கு உரிமையில்லை. வழக்குத் தொடரப்பட்டதை எழுதி, விடுதலையானதை எழுதாமல் விட்டால், ஒரு பொய்யும் சொல்லாமலே பொய் சொல்லியாயிற்று.

நடுநிலை என்றால் பாதி புகழ்ச்சி, பாதி இகழ்ச்சி என்று தராசு பிடிப்பதும் அல்ல. தண்டனை பெற்றவரென்றால் எந்தக் கோர்ட்டு, எந்த வருஷம், என்ன குற்றம் என்று எழுதட்டும். மேல் கோர்ட்டில் மாறியிருந்தால் அதையும் எழுதட்டும். பள்ளிக்கூடம் கட்டியிருந்தால் அதையும் எழுதட்டும். 'மாமனிதர்' என்றும் வேண்டாம், 'மகாபாவி' என்றும் வேண்டாம். அதை முடிவு செய்ய வாசகனுக்கு மூளை இருக்கிறது.

"விக்கிப்பீடியாவை யார் ஐயா நம்புகிறார்கள்?" என்று படித்தவர்கள் கேட்பார்கள். நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டே நாம்தான் நம்புகிறோம். பள்ளிப் பிள்ளை அதைப் பார்த்துக் கட்டுரை எழுதுகிறான். அவசரத்தில் நிருபர் அதைப் புரட்டுகிறார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் யந்திரங்கள்கூட இன்று அதைப் படித்துத்தான் பழகுகின்றன. ஓட்டுப் போடப் போகிறவனும் அதைத்தான் பார்க்கிறான். நான் யார் பக்கம் என்று கேட்டானே பையன், அந்த ஓட்டுக்காரன் பக்கம்.

அன்றிரவு பார்த்தேன், அந்த வரி அப்படியே இருந்தது. நானே அழித்தேன். அந்த மனிதருக்கு நான் ஓட்டுப் போட்டதில்லை, போடப் போவதுமில்லை. ஆனாலும் அழித்தேன்.

பையன் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறான். இதைப் படித்தால் ஒருநாள் வரட்டும். அந்த அரசியல்வாதியின் மெய்யான குற்றங்களைத் தேடி, ஆதாரத்தோடு, தேதியோடு, இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுதுவோம். அன்றைக்குக் காப்பியும் உண்டு.