இந்தியா கோல்கீப்பர்களை உருவாக்கியது எப்படி? குர்ப்ரீத் சிங் சந்துவின் பயணம் சொல்லும் கணக்கு

பெங்களூரு: இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்துத் தொடர் 2014 முதல் 2024-25 வரை 11 சீசன்களைக் கண்டுள்ளது. அதிக கோல் அடிப்பவருக்கான தங்கக் காலணி விருது இந்த 11 முறையும் வெளிநாட்டு வீரர்களுக்கே சென்றது. சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறை விருதோ 2016 முதல் தொடர்ந்து ஒன்பது சீசன்களாக இந்தியர்களிடமே உள்ளது. ஒரே லீக்கில், ஒரே காலகட்டத்தில் இப்படி நேர்மாறான இரண்டு முடிவுகள் ஏற்பட்டது ஏன் என்ற கேள்விக்கு, இந்திய அணியின் மூத்த கோல்கீப்பர் குர்ப்ரீத் சிங் சந்துவின் விளையாட்டு வாழ்க்கை விடை தருகிறது. முடங்கிக் கிடந்த 2025-26 சீசன் பாதி அளவிலான போட்டிகளுடன் நடத்தப்படும் சூழலில் அந்த விடை கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

ஒரே ஓர் இடம்: கால்பந்தில் மற்ற வீரர்களுக்கு இல்லாத நெருக்கடி கோல்கீப்பருக்கு உண்டு. நடுகள வீரர் ஒருவர் கடைசி 20 நிமிடங்களுக்கு மாற்று வீரராகக் களமிறங்கித் திறமையைக் காட்டலாம். தேவைப்பட்டால் வேறு நிலையிலும் ஆடலாம். கோல்கீப்பருக்கு அந்த வழி இல்லை. அணியில் மூன்று பேர் இருந்தால், காயமோ சிவப்பு அட்டையோ குறுக்கிடாத வரை ஒருவர் முழு சீசனும் ஆடுவார். மற்ற இருவரும் பயிற்சியோடு நிற்பார்கள். கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் பிரப்சுகன் கில் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 2021-22 சீசனில் முதல்நிலை கோல்கீப்பர் அல்பினோ கோம்ஸ் காயமடைந்ததால் வாய்ப்புப் பெற்ற கில், அதே சீசனில் தங்கக் கையுறை விருதை வென்றார். திறமை முன்பே இருந்தது. போட்டிகள்தாம் இல்லாமல் இருந்தன.

மொஹாலி முதல் நார்வே வரை: 1992 பிப்ரவரி 3 அன்று பிறந்த குர்ப்ரீத், பஞ்சாபின் மொஹாலியைச் சேர்ந்தவர். 2009-ல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியில் இணைந்தார். இளம் வயதில் அங்கு முதலிடம் கிடைப்பது எளிதாக இருக்கவில்லை. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் இளம் வீரர்களுக்காக நடத்தி வந்த ஆரோஸ் அணிக்கு அவர் கடனாக அனுப்பப்பட்டார். வெற்றி தோல்வியைக் காட்டிலும் இளைஞர்களை ஐ-லீக் போட்டிகளில் ஆட வைப்பதே அந்த அணியின் நோக்கம். பிற்காலத்தில் தங்கக் கையுறை வென்ற அம்ரிந்தர் சிங், பிரப்சுகன் கில் ஆகியோரும் அதே அணியில் ஆடியவர்கள்.

2014-ல் நார்வேயின் ஸ்டாபெக் அணியில் குர்ப்ரீத் ஒப்பந்தமானார். அங்கும் காத்திருப்பே முதல் பாடம். அந்நாட்டு முதல்நிலை லீக்கில் களமிறங்க அவருக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. 2016 மே மாதம் ஸ்டார்ட் அணிக்கு எதிராக அந்த வாய்ப்பு வந்தது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று வேல்ஸின் கானாஸ் கீ நோமட்ஸ் அணிக்கு எதிரான தகுதிச்சுற்றுப் போட்டியில் ஆடி, ஐரோப்பா லீக்கில் களம் கண்ட முதல் இந்தியர் என்ற பெருமையைப் பெற்றார். அந்தப் போட்டியிலேயே காயமடைந்து பாதியில் வெளியேறினார். ஐரோப்பிய அணியின் பயிற்சி அவரைச் செதுக்கியது உண்மை. ஆனால் ஒவ்வொரு வாரமும் ஆடும் வாய்ப்பு 2017-ல் பெங்களூரு எஃப்சி அணிக்குத் திரும்பிய பின்னரே உறுதியானது.

விதி திறந்த கதவு: ஐஎஸ்எல் தொடங்கிய 2014-ல் ஓர் அணி ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டு வீரர்களைக் களமிறக்கலாம். அதனால் கோல்கீப்பர் இடத்திலும் வெளிநாட்டினரே அதிகம் தென்பட்டனர். இங்கிலாந்தின் டேவிட் ஜேம்ஸ் கேரளா அணியின் பயிற்சியாளராக இருந்துகொண்டே கோல் கம்பங்களுக்கிடையே நின்றார். முதல் தங்கக் கையுறையைக் கோவா அணியின் யான் ஷேடாவும், இரண்டாவதைச் சென்னையின் எஃப்சி அணியின் அபூலா எடேலும் வென்றனர்.

2017-18 சீசனில் இந்த வரம்பு ஐந்தாகவும், 2021-22 சீசனில் நான்காகவும் குறைக்கப்பட்டது. வெளிநாட்டு இடங்கள் சுருங்கியபோது, அணிகள் அவற்றைக் கோல் அடிப்பவர்களுக்கும், நடுகளத்தை ஆள்பவர்களுக்கும், மத்தியத் தடுப்பாட்டக்காரர்களுக்கும் ஒதுக்கின. கோல்கீப்பர் இடம் இந்தியர்களுக்கு வந்து சேர்ந்தது. கோல்கீப்பர்களை வளர்க்க வேண்டும் என்று யாரும் திட்டம் தீட்டவில்லை; செலவுக் கணக்கின் பக்கவிளைவாகவே அது நிகழ்ந்தது. 2018-ல் சென்னையின் எஃப்சி கோப்பையை வென்ற இறுதிப்போட்டியில் கரண்ஜித் சிங்கும் குர்ப்ரீத்தும் எதிரெதிர்க் கோல் கம்பங்களில் நின்றனர். அடுத்த ஆண்டு கோவாவை 1-0 என வீழ்த்திப் பெங்களூரு கோப்பையை வென்றது. 2018-19, 2019-20 ஆகிய இரு சீசன்களிலும் தங்கக் கையுறை குர்ப்ரீத்திடம் இருந்தது. சுப்ரதா பால், அரிந்தம் பட்டாச்சார்யா, விஷால் கைத், புர்பா லாச்சென்பா ஆகியோரும் இப்பட்டியலில் உள்ளனர்.

முன்கள வீரர்களின் நிலையோ வேறு. அணிகள் தங்கள் வெளிநாட்டு இடங்களை முதலில் நிரப்புவது கோல் அடிக்கும் வீரரைக் கொண்டே. இந்திய முன்கள வீரர் பக்கவாட்டுக்கோ இருக்கைக்கோ தள்ளப்படுகிறார். 2024-25 சீசனில் இந்தியர்களில் அதிகபட்சமாக 14 கோல்கள் அடித்தவர் 40 வயது சுனில் சேத்ரி. ஓய்வு பெற்ற அவரையே 2025 மார்ச்சில் தேசிய அணி மீண்டும் அழைக்க நேர்ந்தது.

களத்தில் கிடைத்த பலன்: தொடர்ந்து ஆடியதன் பலன் தேசிய அணியில் தெரிந்தது. 2019 செப்டம்பர் 10 அன்று தோஹாவில், அப்போதைய ஆசியச் சாம்பியன் கத்தாருக்கு எதிரான உலகக் கோப்பை தகுதிச்சுற்றில், சேத்ரி இல்லாத அணிக்குக் குர்ப்ரீத் தலைமை தாங்கினார். 20-க்கும் மேற்பட்ட முறை கத்தார் வீரர்கள் கோலை நோக்கி உதைத்தும், ஆட்டம் 0-0 எனச் சமனில் முடிந்தது. அந்த ஆண்டே அவருக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது. 2023 ஜூலையில் பெங்களூருவில் நடந்த தெற்காசியக் கோப்பை இறுதிப்போட்டியில், பெனால்டி ஷூட் அவுட்டில் குவைத்தின் கடைசி உதையைத் தடுத்து இந்தியாவுக்குக் கோப்பையை உறுதி செய்தார்.

சறுக்கல்களும் உண்டு. 2024 நவம்பரில் ஹைதராபாத்தில் மலேசியாவுக்கு எதிரான நட்புறவுப் போட்டியில் அவர் கோலை விட்டுத் தவறான நேரத்தில் முன்னேறி வந்தார்; காலியான கோலுக்குள் பந்து சென்றது. அடுத்த மார்ச்சில் தேசிய அணியின் கோல் கம்பங்களுக்கிடையே விஷால் கைத் நின்றார். முன்கள வீரர் பத்து வாய்ப்புகளைத் தவறவிட்டாலும் ஒரு கோலால் அவற்றை மறக்கச் செய்யலாம். கோல்கீப்பரின் ஒரு பிழை பதினைந்து நல்ல தடுப்புகளையும் மறைத்துவிடும். குர்ப்ரீத் மீண்டும் வந்தார். 2025 ஆகஸ்ட் - செப்டம்பரில் நடந்த மத்திய ஆசியக் கால்பந்துச் சங்கக் கோப்பையில் தஜிகிஸ்தானுக்கு எதிராக ஒரு பெனால்டியைத் தடுத்தார். மூன்றாம் இடத்துக்கான போட்டியில் ஓமனின் கடைசிப் பெனால்டியையும் தடுத்து இந்தியாவுக்கு வெற்றி தேடித் தந்தார்.

வளர்ச்சியின் எல்லை: இதனை மிகைப்படுத்துவதற்கில்லை. தங்கக் கையுறை உள்நாட்டு விருதே. 2024 ஜனவரியில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று போட்டிகளிலும் இந்தியா தோற்றது. 2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பையும் இழந்தது. நல்ல கோல்கீப்பர் தோல்வியைத் தள்ளிப்போடலாம்; கோல் அடிக்க இயலாத அணிக்கு வெற்றியைத் தர இயலாது. ஓர் இடத்தை மட்டும் விதி வளர்த்து, மற்ற இடங்களை அது கைவிட்டதன் விளைவே இது.

சுருங்கும் சீசன்: வணிக உரிமை ஒப்பந்தம் நீட்டிக்கப்படாத நிலையில், 2025 ஜூலையில் ஐஎஸ்எல் சீசன் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி தனது முதல்நிலை அணி வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. 2026 ஜனவரி 6 அன்று மத்திய விளையாட்டுத்துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா, பிப்ரவரி 14 முதல் 14 அணிகளுடன் 91 போட்டிகள் நடைபெறும் என்று அறிவித்தார். அதன்படி ஓர் அணிக்கு 13 லீக் போட்டிகள் மட்டுமே. முந்தைய சீசனில் அது 24 ஆக இருந்தது.

இந்த இழப்பு 34 வயது குர்ப்ரீத்தைக் காட்டிலும் அவருக்குப் பின் வரிசையில் நிற்கும் 20 வயது கோல்கீப்பரையே கடுமையாகத் தாக்கும். போட்டிகள் குறையும்போது ஒவ்வொரு புள்ளியும் விலைமதிப்பு மிக்கதாகிறது. பயிற்சியாளர்கள் அனுபவசாலியை மாற்றத் துணிய மாட்டார்கள். ஒரு காலத்தில் இத்தகைய இளைஞர்களுக்கு அடைக்கலமாக இருந்த ஆரோஸ் அணியும் 2022-ல் கைவிடப்பட்டுவிட்டது.

சம்மேளனத்தின் முன் உள்ள பணி தெளிவானது. முழு அளவிலான சீசன், தடையின்றி நடக்கும் இரண்டாம்நிலை அணிகளுக்கான லீக், இளம் கோல்கீப்பர்களை ஐ-லீக் அணிகளுக்குக் கடனாக அனுப்பும் நடைமுறை ஆகிய மூன்றும் உறுதி செய்யப்பட வேண்டும். கோல்கீப்பர்களுக்குத் தற்செயலாகக் கிடைத்த வாய்ப்பை முன்கள வீரர்களுக்குத் திட்டமிட்டு வழங்குவது அடுத்த கட்டம். அடுத்த வணிக ஒப்பந்தம் எழுதப்படும்போது தொகையோடு, ஆண்டுக்கு எத்தனை போட்டிகள் என்ற எண்ணும் அதில் உறுதியாக இடம்பெறுகிறதா என்பதைப் பொறுத்தே குர்ப்ரீத்துக்குப் பின் வருபவரின் தரம் அமையும்.