உள்ளுடன் நீங்கிய மோதகம்

மோதகம் உண்போர் பெரிதும் நாடுவது உள்ளுடனையே. அதனை நீக்கி மேற்றோலை மட்டும் போற்றுவாரும் உளரோ என வினவினால் நகைப்பே தோன்றும். ஆயினும் இக்கால இரசாயன அறிஞர், காபனைக்கொண்டு உள்ளே வெறுமையான கோளங்களைச் செய்யும்போது கையாளும் வழி அதுவே.

முதலிற் கரு வேண்டும். எதனோல், நீர், அமோனியா ஆகியவற்றின் கலவையிற் சிலிக்காவை ஒரே அளவான உருண்டைகளாகத் திரளச் செய்யும் முறையை, 1968ஆம் ஆண்டில் ஸ்ரோபரும் அவர்தம் துணைவர் இருவரும் வெளியிட்டனர். அவ்வுருண்டை பெரும்பாலும் மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கினும் சிறியது. ரெசோசினோலும் போமல்டிகைட்டும் கூடியுண்டாகும் பிசினை அதன்மேற் போர்த்துவர். பின்னர் நைதரசன் வாயு ஓடும் உலையில் ஏறக்குறைய 800 பாகை செல்சியசு வெப்பநிலையிற் சுடுவர். சிரட்டைக்கரி சுடுவோர் குழியை மூடுவதன் காரணமே இங்கும் காரணம். காற்றுப் புகுந்தாற் கரி சாம்பலாகிவிடும். பிசின் காபனாகும், சிலிக்கா அவ்வாறே நிற்கும். அதனைக் கரைத்து நீக்கினால் வெறுங்கோளம் எஞ்சும்.

அவ்வெறுமையாற் பயன் யாது? கந்தக மின்கலத்தில், இலிதியத்தை ஏற்கும் கந்தகம் ஏறக்குறைய நூற்றுக்கு 80 பங்கு பருக்கும். இடையில் உண்டாகும் பொருள்களோ மின்கலத் திரவத்திற் கரைந்து ஓடும். கோளத்தின் வெறுமை பருப்பதற்கு இடமளிக்கும். ஓடு கரைந்தோடுதலைத் தடுக்கும். 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்தார் இத்தகைய கோளங்களுட் கந்தகத்தைச் செலுத்தி இதனைச் செய்து காட்டினர்.

இனி நாம் வற்புறுத்த விரும்புவதைக் கூறுவோம். சிலிக்காவைக் கரைக்கப் பலர் எடுப்பது ஐதரோபுளோரிக் அமிலம். அது தோலிற் பட்டவுடன் நோவு தோன்றாதிருத்தலும் உண்டு. ஆனால் உட்சென்று உடலிலுள்ள கல்சியத்தைப் பற்றி உயிருக்கே இடர் விளைக்கும். சூடான சோடியமைதரொட்சைட்டுக் கரைசலும் சிலிக்காவைக் கரைக்கும். அதுவும் தோலை அரிப்பதே. பொலிசுத்தைரீனைக் கருவாகக் கொண்டாலோ, உலையின் வெப்பமே அதனைச் சிதைத்து ஆவியாக்கிவிடும், அமிலம் வேண்டியதில்லை. ஆனால் கரு நீங்குமுன் ஓடு உறுதிப்படல் வேண்டும். இன்றேற் கோளம் நொறுங்கும். அவ்வாவியையும் ஆய்வுகூடத்திற் பரவவிடாது வெளியேற்றல் வேண்டும்.

மாணாக்கர் தம் பரிசோதனைக் குறிப்பில் எதனை ஆக்கினோம் என்று எழுதுகின்றனர். எதனை நீக்கினோம், எதனால் நீக்கினோம், நீக்கியதை எங்கே விட்டோம் என்பவற்றையும் எழுதுவாராக. ஆக்கியவனின் பொறுப்பு அம்மூன்று வரிகளிலும் அடங்கியுள்ளது.