விகிதம் ஒன்றுதானா? பெருக்கிப் பார்க்க!

பயிருக்கு இடும் பொருள் நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. அதன் அளவும் பொருந்த வேண்டும். அளவு குறைந்தால் செலவும் உழைப்பும் வீண். மிகுந்தால் சில பொருள்கள் இலையையே கருக்கிவிடும்.

சென்னை கே.கே. நகரில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளின் மொட்டைமாடித் தோட்டங்களை அண்மையில் பார்வையிட்டேன். இரண்டிலும் கத்தரிச் செடிகளுக்குப் பஞ்சகவ்வியம் தெளித்து வந்தனர். 100 லிட்டர் நீருக்கு 3 லிட்டர் என்பது சிபார்சு. ஒரு வீட்டு அம்மையார் 10 லிட்டர் நீரில் 300 மில்லி கலந்தார். அடுத்த வீட்டு அம்மையார் தம் வாளி சிறியதாகையால் பாதியே போதுமென்று 150 மில்லி விட்டார்; வாளி நீரோ 6 லிட்டர். இருவர் கலவையும் ஒன்றே என்று இருவரும் சாதித்தனர்.

இதைத் தீர்க்க எளிய வழி குறுக்குப் பெருக்கலாகும். 300-ஐ 6-ஆல் பெருக்க 1,800. 150-ஐ 10-ஆல் பெருக்க 1,500. இரண்டும் ஒவ்வாமையால் விகிதமும் ஒவ்வாது. காரணம் யாதெனில், இருவரும் 60 லிட்டர் கலப்பதாகக் கொண்டால் முன்னவருக்கு 1,800 மில்லியும் பின்னவருக்கு 1,500 மில்லியும் செல்லும். 6 லிட்டருக்கு 180 மில்லி விட்டிருக்க வேண்டும். முன்னோர் பள்ளிகளில் பயின்ற திரைராசிகக் கணக்கு இதுவேயாம்.

நெல் வயலிலும் இக்கணக்கு உதவும். மண் பரிசோதனை செய்யாவிடத்து, ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் 150:50:50 கிலோ என்றும், சில பகுதிகளின் குறுகிய கால ரகங்களுக்கு 120:40:40 என்றும் பொதுச் சிபார்சு உண்டு. 150-ஐ 40-ஆல் பெருக்கினும், 120-ஐ 50-ஆல் பெருக்கினும் 6,000 வரும். ஆகவே இரண்டும் 3:1:1 என்னும் ஒரே விகிதம். வீரிய ஒட்டு நெல்லுக்குரிய 175:60:60 அவ்வாறன்று. 175-ஐ 50-ஆல் பெருக்க 8,750. 150-ஐ 60-ஆல் பெருக்க 9,000. பழைய கலவையையே சற்றுக் கூட்டியிட்டால் சரியாய்விடும் என்று கருதுவோர் இதைக் கவனிக்க.

விகிதம் ஒன்றாயின் அளவும் ஒன்றென எண்ணுதலும் பிழையே. 17:17:17 உரமும் 19:19:19 உரமும் விகிதத்தில் சமம். ஆயினும் நூறு கிலோவில் ஒவ்வொரு சத்தும் முன்னதில் 17 கிலோ, பின்னதில் 19 கிலோ.

ஆகையால் என் அபிப்பிராயம் இது: துண்டுப் பிரசுரங்களில் 100 லிட்டருக்கான அளவை மட்டும் அச்சிடாமல், ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லி என்பதையும் சேர்த்து அச்சிடல் வேண்டும். செயல் விளக்கம் செய்வோராகிய நாமும் அட்டவணையைப் படித்துக் காட்டுவதோடு நில்லாமல், குடியானவர் கையிலேயே பென்சிலைக் கொடுத்துப் பெருக்கச் செய்வோமாக. அட்டவணை தொலைந்துபோகலாம், தாமே போட்டறிந்த கணக்கு மறவாது.