லினக்ஸுக்கு மாறும் முன் புரோகிராம்களை மாற்றுங்கள்

விண்டோஸ் 10 சிஸ்டத்திற்கு இலவசமாக வழங்கி வந்த பாதுகாப்பு அப்டேட்களை, 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாப்ட் நிறுத்தியது. பதிவு செய்து கொள்ளும் வீட்டுப் பயனாளர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அறிவித்தது. சரி, விண்டோஸ் 11 போட்டுக் கொள்ளலாம் என்றால் அதற்கு டி.பி.எம். 2.0 வசதி வேண்டும். இன்டெல் ப்ராசசர் என்றால், ஒரு சிலவற்றைத் தவிர, எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். 2017ல் வாங்கிய ஏழாம் தலைமுறை கோர் ஐ5 கம்ப்யூட்டர் இன்றும் நன்றாக ஓடலாம். ஆனால் அனுமதிப் பட்டியலில் அது இல்லை.

இப்படிப்பட்ட கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொண்டு கடைக்குப் போனால் இரண்டு பதில்கள் கிடைக்கும். ஒன்று, "புதுசு வாங்கிடுங்க சார்". மற்றொன்று, "செக்கிங்கைத் தாண்டி 11 போட்டுத் தர்றேன்". இரண்டாவது வழி பெரும்பாலும் இயங்கவே செய்யும். ஆனால் அப்படிப் போட்ட சிஸ்டத்திற்கு அப்டேட் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை என மைக்ரோசாப்ட் வெளிப்படையாகவே சொல்லியுள்ளது. இத்துடன் காசு கொடுக்காமல் ஆக்டிவேட் செய்திட ஒரு க்ராக் புரோகிராமும் சில இடங்களில் உள்ளே போய்விடுகிறது. யார் எழுதியது என்றே தெரியாத புரோகிராம் இருக்கும் கம்ப்யூட்டரில்தான் நீங்கள் பேங்க் பாஸ்வேர்டை டைப் செய்கிறீர்கள். இதற்குப் பதில் லினக்ஸ் ஆயிரம் மடங்கு மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் லினக்ஸ் ஆர்வலர்கள் மாறச் சொல்லும் முறையில் எனக்கு உடன்பாடில்லை. "டவுன்லோட் செய், பென் டிரைவில் ஏற்று, இன்ஸ்டால் செய்" என்று மூன்றே வரியில் முடித்து விடுகிறார்கள். இன்ஸ்டால் செய்வது அரை மணி நேர வேலைதான். அதற்கு மறுநாள் காலையில் வீட்டில் உள்ளவர்கள் "வேர்ட் எங்கே, போட்டோஷாப் எங்கே" என்று கேட்பார்களே, அங்கேதான் பெரும்பாலான முயற்சிகள் தோற்றுப் போகின்றன. மக்கள் பழகுவது ஆபரேட்டிங் சிஸ்டத்துடன் அல்ல. அதில் ஓடும் நாலைந்து புரோகிராம்களுடன்தான்.

இதற்குச் சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய இலவச லேப்டாப்களில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எத்தனை வீடுகளில் அதை பூட் செய்து பார்த்தார்கள்? நான் பார்த்த வரை மிகக் குறைவு. பள்ளிப் பாடத்தில் அதற்கு வேலை இல்லை, அதனால் தொடவில்லை. கேரளாவில் நடந்தது வேறு. அங்கே ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தில் பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸைக் கொடுத்ததோடு, பாடப் புத்தகத்தையும் ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஜியோஜீப்ரா போன்ற இலவச புரோகிராம்களை வைத்தே எழுதினார்கள். செய்முறைத் தேர்வும் அதில்தான். பிள்ளைகள் தானாகப் பழகினார்கள்.

எனவே நான் சொல்வது இதுதான். முதலில் சிஸ்டத்தைத் தொடாதீர்கள். இப்போதிருக்கும் விண்டோஸிலேயே லிப்ரே ஆபீஸ், பயர்பாக்ஸ், வி.எல்.சி., ஜிம்ப் ஆகியவற்றை இன்ஸ்டால் செய்திடுங்கள். அனைத்தும் இலவசம். இவை எல்லாம் லினக்ஸிலும் ஏறத்தாழ இதே தோற்றத்தில் கிடைக்கின்றன. ஒரு மாதம் வீட்டில் அனைவரும் இவற்றை மட்டுமே பயன்படுத்தட்டும். வேர்ட் தொகுப்பில் தயாரித்த டேபிள்கள் லிப்ரே ஆபீஸில் திறக்கும்போது கொஞ்சம் இடம் மாறுகிறதா? அது உங்களுக்குப் பரவாயில்லையா, இல்லையா? இதெல்லாம் இந்த மாதத்திலேயே தெரிந்துவிடும். சரிப்படவில்லை என்றால் எதையும் இழக்கவில்லை. பழைய புரோகிராம் அங்கேயே இருக்கிறது.

இந்த ஒரு மாதச் சோதனையில் சிலர் தேர்வாக மாட்டார்கள். வீட்டில் டேலியில் கணக்கு எழுதுபவர், திருமண ஆல்பத்திற்கு போட்டோஷாப்பில் டிசைன் செய்பவர், கோரல்டிராவில் பிளெக்ஸ் வேலை பார்ப்பவர் ஆகியோர் மாற வேண்டாம். வைன் போட்டு ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். பிழைப்பு நடத்தும் புரோகிராமை வைத்துப் பரிசோதனை கூடாது. வலோரன்ட் விளையாடும் பையன் இருக்கும் வீட்டிலும் இதே பதில்தான். அந்த கேம் லினக்ஸில் இயங்காது.

அடுத்து பிரிண்டர். வாங்கும்போது யாரும் லினக்ஸை நினைத்து வாங்குவதில்லை. எச்.பி. பிரிண்டர்கள் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. எச்பிலிப் என்ற தொகுப்பு அவற்றைக் கவனித்துக் கொள்ளும். லேசர்ஜெட் 1020 போன்ற சில மாடல்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு ப்ளக்-இன் டவுன்லோட் ஆக வேண்டும். நம் ஊரில் ஏராளமாக விற்ற கேனன் எல்பிபி 2900 அப்படியல்ல. டிரைவர் இருந்தாலும், அதை இயக்கிட கட்டளை வரிகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். உங்கள் வீட்டில் அது இருந்தால் மாறுவதற்கு முன் கட்டாயம் சோதித்துப் பாருங்கள்.

தமிழைப் பற்றிப் பலருக்கும் தேவையற்ற பயம் இருக்கிறது. யூனிகோட் தமிழ் லினக்ஸில் நன்றாகவே தெரிகிறது. ஐபஸ் என்ற கீபோர்டு வசதியுடன் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, பொனெடிக், டைப்ரைட்டர் என மூன்று முறைகளிலும் டைப் செய்யலாம். சிக்கல் பழைய பைல்களில்தான். பாமினி, வானவில் போன்ற பழைய பாண்ட்களில் டைப் செய்த கடிதங்கள் இருந்தால், அந்த பாண்ட் பைல்களைக் காப்பி செய்து லினக்ஸில் இன்ஸ்டால் செய்திடுங்கள், பெரும்பாலானவற்றைப் படித்துவிடலாம். ஆனால் அந்த பாண்டில் டைப் செய்ய உதவிய விண்டோஸ் கீபோர்டு புரோகிராம் இங்கே வராது. இனியும் தொடர்ந்து எடிட் செய்ய வேண்டிய பைல்கள் என்றால், விண்டோஸ் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றி வைத்து விடுங்கள். இது எப்போதாவது செய்தே ஆக வேண்டிய வேலை. லினக்ஸ் அதற்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

மாதம் முடிந்து மனநிறைவு என்றால், 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்யுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் மாறாது. வை-பை, சவுண்ட், பிரிண்டர், வெப் கேமரா அனைத்தையும் இந்த லைவ் நிலையிலேயே சோதிக்கலாம். கொஞ்சம் மெதுவாக இருக்கும். அது பென் டிரைவின் வேகம். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. குறைந்தது 2 ஜி.பி. ராம் போதும் என்று அதைத் தயாரிப்பவர்கள் சொன்னாலும், 4 ஜி.பி.க்குக் கீழ் நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். "லினக்ஸ் போட்டால் கம்ப்யூட்டர் பறக்கும்" என்பதும் பாதி உண்மைதான். பிரவுசரில் இருபது டேப் திறந்தால் எந்த சிஸ்டத்திலும் அதே ராம்தான் தீரும். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போடுங்கள். சிஸ்டம் மாற்றுவதை விட அதில்தான் வேகம் அதிகம் கிடைக்கும்.

பழைய டிஸ்க்கை எடுத்து வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. இன்ஸ்டால் செய்கையில் "டிஸ்க் முழுவதையும் அழி" என்பதை அவசரத்தில் க்ளிக் செய்துவிட்டால் டி டிரைவில் உள்ள போட்டோக்களும் சேர்ந்து போய்விடும். புதிய எஸ்.எஸ்.டி.யில் போடும்போது பழைய டிஸ்க், குடும்பப் படங்களுடன், பீரோவில் பத்திரமாக இருக்கும். அதே டிஸ்க்கில்தான் போடப் போகிறீர்கள் என்றால், வெளியே ஒரு டிரைவில் பேக்கப் எடுத்து, அதிலிருந்து நாலைந்து பைல்களைத் திறந்து பார்த்த பிறகே தொடங்குங்கள். லேப்டாப் என்றால் பிட்லாக்கர் ரெகவரி கீயையும் முதலிலேயே குறித்துக் கொள்ளவும். அது கேட்கும் நேரத்தில் கையில் இல்லாவிட்டால் விண்டோஸ் பக்கம் இருக்கும் பைல்களை மறந்துவிட வேண்டியதுதான்.