சிரிக்கும் உரிமை

2007ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழக அரங்கில் ஏறத்தாழ 400 பேர் கூடியிருந்தனர். கணினியியல் பேராசிரியர் ரேண்டி பாஷ் உரையாற்ற மேடையேறினார். அவருக்குக் கணையப் புற்றுநோய். அது கல்லீரலுக்கும் பரவியிருந்தது. இன்னும் மூன்று முதல் ஆறு மாதங்கள் வரைதான் நலமாக இருக்க முடியும் என்று மருத்துவர்கள் கூறிவிட்டனர். அப்போது அவருக்கு வயது 46.

பாஷ் தம் நோயை மறைக்கவில்லை. கல்லீரலில் இருந்த கட்டிகளின் படத்தைத் திரையில் காட்டி, மருத்துவர்கள் கூறியதையும் சொன்னார். பிறகு மேடையிலேயே தண்டால் எடுத்தார். தம்மைக் கண்டு பரிதாபப்படுவோர் முதலில் இப்படிச் சில தண்டால்களை எடுத்துவிட்டு வரட்டும் என்றார். அரங்கமே சிரித்தது. மரணத்தை நெருங்கும் சிலர் மதம் மாறுவதுண்டு. தாமும் அப்படி மாறிவிட்டதாக அவர் அறிவித்தார். என்ன மாற்றம் தெரியுமா? மெக்கிண்டோஷ் கணினி ஒன்றை வாங்கிவிட்டாராம்!

சாவை எதிர்நோக்கும் ஒருவர் இவ்வாறு நகைச்சுவையாகப் பேசுவது முறையா? முறையன்று என்று கருதுவோர் பலர். பல குடும்பங்களில் புற்றுநோய் என்ற சொல்லையே நோயாளியின் முன் உச்சரிப்பதில்லை. அவரே தம் நிலையைப் பற்றி வேடிக்கையாக ஏதேனும் சொன்னாலும், “அப்படியெல்லாம் பேசாதீங்க” என்று உறவினர்கள் உடனே தடுத்துவிடுவார்கள். இது அன்பினால் எழும் தடைதான். ஆனால், அதன் விளைவு என்ன? நோயாளி அடுத்து சொல்ல நினைத்ததும் அவர் மனத்திற்குள்ளேயே தங்கிவிடுகிறது. தம் அச்சத்தையும் ஆசையையும் பகிர்ந்துகொள்ள ஆள் இன்றி, உறவினர்கள் சூழ்ந்திருக்கும்போதே அவர் தனிமைப்படுகிறார்.

இந்த இடத்தில்தான் நகைச்சுவை உதவுகிறது. “என் நோயைப் பற்றி என்னிடம் பேசலாம், பயப்பட வேண்டாம்” என்று நோயாளி விடுக்கும் அழைப்பு அது. பாஷின் தண்டால் செய்த வேலையும் அதுவே. சிரித்து முடித்த அரங்கம், அதன் பிறகு அவர் கூறிய இளமைக் கனவுகளையும் வாழ்க்கைப் பாடங்களையும் இயல்பாகக் கேட்டது.

உண்மையை ஏற்க முடியாதவர்களே இப்படிச் சிரித்து மழுப்புவர் என்று சிலர் வாதிடலாம். பாஷின் செயல்கள் அதற்கு மாறாக இருந்தன. தமக்குப் பின் மனைவிக்கு உறவினர் துணை தேவைப்படும் என்பதை உணர்ந்து, அவர்கள் வாழும் வர்ஜீனியா மாநிலத்திற்கு அவர் குடும்பத்தோடு குடிபெயர்ந்தார். 2008ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் தோன்றி, கணையப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கூடுதல் நிதி கோரினார். மனைவியோடு சேர்ந்து அழுததையும் தம் நூலில் மறைக்காமல் எழுதினார். உண்மையை மறுப்பவர் இத்தகைய ஏற்பாடுகளைச் செய்யமாட்டார். அவரிடம் அழுகையும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை.

எனினும், நகைச்சுவைக்கு எல்லை உண்டு. சிரிப்பு புற்றுநோயைக் குணப்படுத்தாது. பாஷ் 2008ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் காலமானார். எனவே, “சிரித்துக்கொண்டே இரு, எல்லாம் சரியாகிவிடும்” என்று நோயாளியிடம் சொல்வது பொய்யான ஆறுதலாகும். வலியில் துடிப்பவரைச் சிரிக்கச் சொல்வது கொடுமையும்கூட. அழுகின்ற நோயாளி கோழையும் அல்லர். ‘இடுக்கண் அழியாமை’ அதிகாரத்தில் வள்ளுவர் துன்பத்தைக் கண்டு நகைக்கச் சொல்கிறார். அந்த அறிவுரை துன்பப்படுபவருக்கு உரியது. அருகில் இருப்பவர் அவருடைய துன்பத்தைக் கேலி செய்வதற்கான அனுமதி அன்று. முதல் நகைச்சுவையைச் சொல்லும் உரிமை நோயாளிக்கே உண்டு.

அந்த உரையின் முடிவில், அது அரங்கில் இருந்தவர்களுக்காக நிகழ்த்தப்பட்டதன்று, தம் பிள்ளைகளுக்காகவே என்று பாஷ் கூறினார். மூன்று பிள்ளைகளில் எவருக்கும் அப்போது ஆறு வயதுகூட நிரம்பவில்லை. வளர்ந்த பிறகு அவர்கள் அந்தக் காணொளியில் காண்பது, நோயில் வாடிய தந்தையை அன்று. தம்மைத் தாமே கேலி செய்து சிரிக்கும் தந்தையை.

கடும் நோயுற்ற தாத்தாவோ அத்தையோ தம் நிலையைப் பற்றி வேடிக்கையாகப் பேசினால், அதைத் தடுக்க வேண்டியதில்லை. அவரோடு சேர்ந்து சிரித்துவிட்டு, எழுந்து போகாமல் அருகிலேயே இருக்க வேண்டும். அவர் உண்மையில் சொல்ல விரும்புவது, அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகுதான் வரக்கூடும்.